தில்லை, எட்டி, அரளி

சிதம்பரத்தின் பழம்பெயர் தில்லை. அது ஒரு நச்சுமரத்தின் பெயர் என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம். கோயிலின் தலமரமான தில்லையை இன்று நாம் காடாகக் காண வேண்டுமெனில் பிச்சாவரத்து அலையாத்திக் காட்டுக்குத்தான் செல்ல வேண்டும். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. குருடாக்குதல் என்னும் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்தே அதன் தாவரவியற் பெயரும் பிறந்தது. வணங்கத்தக்க மரமும் நஞ்சுடையதாக இருக்கலாம் என்பதற்கு நம் ஊர்ப்பெயரே சான்று. வீட்டில் நாய் வளர்ப்போர் இதை நினைவிற் கொள்வது நல்லது.

நாய்களுக்கும் தாவர நஞ்சுக்குமான வரலாறு இனியதன்று. காஞ்சிரம் என்றும் வழங்கும் எட்டியின் விதையில் ஸ்டிரிக்னின் உள்ளது. 1818இல் பிரெஞ்சு வேதியியலாளர்களான பெல்லெத்தியேவும் கவந்துவும் இந்நஞ்சைப் பிரித்தெடுத்தனர். தசைகளை அடக்கியாளும் தண்டுவடக் கட்டுப்பாட்டை இது குலைக்கிறது. உடல் வில்லாய் வளைந்து, மூச்சடைத்து உயிர் பிரியும். தெருநாய்களைக் கொல்ல இதுவே கருவியாயிற்று. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், இதயத்தில் ஸ்டிரிக்னின் ஊசி செலுத்தித் தெருநாய்களைக் கொல்வதை வெளிப்படையாகவே சுட்டிக் குற்றமாக்கியது. 2001இல் வந்த விதிகள் கொல்வதை விடுத்துக் கருத்தடையை வழியாக்கின.

அறிந்து கொடுத்த நஞ்சைச் சட்டம் தடுத்தது. அறியாது கொடுக்கும் நஞ்சோ நம் வாசலிலேயே பூத்து நிற்கிறது. பூசைக்கென்று நாம் வளர்க்கும் செவ்வரளி, வெள்ளரளி ஆகியவற்றோடு, அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து வந்து அரளிப் பெயர் பெற்ற பொன்னரளியும் இதயத் துடிப்பைக் குலைப்பவை. இலை, பூ, தண்டு, விதை அனைத்தும் நஞ்சு. காய்ந்த சருகிலும் அது நீங்குவதில்லை. 2024 மே மாதத்தில் திருவிதாங்கூர் தேவசம் வாரியம் நிவேதனத்திலிருந்தும் பிரசாதத்திலிருந்தும் அரளிப்பூவை விலக்கியதும் இதனாலேயே.

கசப்பு காக்கும் என்று நாம் எண்ணிவிடலாகாது. பல் முளைக்கும் குட்டி எதையும் கடிக்கும். அரளியை வேலிக்கு வெளியே வைப்போம். கழித்த கிளைகளையும் வாடிய மாலைகளையும் நாய்க்கு எட்டாமல் அகற்றுவோம். மென்ற நாய் வாந்தியெடுத்தாலோ, எச்சில் ஒழுகித் தளர்ந்தாலோ, கைமருத்துவம் செய்யாமல் அக்கிளையோடு கால்நடை மருத்துவரிடம் விரைவோம்.

தில்லை என்று நாவால் சொல்லும்போதெல்லாம் அதன் பாலையும் நினைவிற் கொண்டால், வாசலில் காத்துக் கிடக்கும் அவ்வுயிர் பிழைக்கும்.