மஞ்சள் நிறம் பார்த்த காலம்

அடி அண்ணாமலைப் பக்கம் இப்போது நீச்சல் குளம் வைத்த வீடுகூட வந்துவிட்டது. போன மாதம் அப்படி ஒரு வீட்டுக்காரர் கூப்பிட்டார். குளத்துத் தண்ணீர் பச்சைப் பசேல் என்றிருந்தது.

"குளோரின் நிறையப் போட்டோம் சார், பாசி போகமாட்டேங்குது."

"போட்டது இருக்கட்டும், மிச்சம் எவ்வளவு இருக்கு?" என்றேன். சுகாதார ஆய்வாளராக இருந்தவனுக்கு வாயில் முதலில் வருவது அதுதான்.

குளோரினால் குடிநீரைச் சுத்தப்படுத்தலாம் என்று 1903-லேயே எழுதியவர் நெஸ்ஃபீல்டு, இந்திய மருத்துவப் பணியில் இருந்த ராணுவ டாக்டர். 1908-ல் அமெரிக்காவின் ஜெர்சி சிட்டி ஊர் முழுவதற்கும் அதைச் செய்தது. போடுவது சுலபம், அளப்பதுதான் தலைவலி. 1913-ல் எல்ம்ஸ், ஹவுசர் இருவரும் ஆர்த்தோடாலிடின் சோதனையைச் செம்மைப்படுத்தினார்கள். சில சொட்டு விட்டால், குளோரின் இருக்கும் தண்ணீர் மஞ்சளாகும்.

நாங்கள் தீபத்துக்கும் சித்ரா பௌர்ணமிக்கும் கிரிவலப் பாதைத் தொட்டிகளில் பார்த்தது அந்த மஞ்சளைத்தான். திருவிழாக் கூட்டமும் காலராவும் சேர்ந்தே வந்த காலம் ஒன்று இருந்தது. 1939-ஆம் வருடத்து மதராஸ் பொதுச் சுகாதாரச் சட்டத்தில் திருவிழாக்களுக்கென்றே தனிப் பகுதி உண்டு.

ஒரு தீபத்தன்று காலை, பிளீச்சிங் பவுடர் கரைத்து ஒரு மணி நேரம் கழித்துச் சொட்டு விட்டேன். நிறமே மாறவில்லை. மூட்டையைப் பிரித்தால் கட்டி தட்டிக் கிடக்கிறது, நெடியே இல்லை. புதுப் பவுடரில் 33 சதவீதம் வரை குளோரின் இருக்கும். ஈரம் பட்டால் போயே போச்சு. லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்ச வேண்டும். குழாயை மூடினேன். குடத்தோடு நின்ற அம்மா ஒருவர் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. வேறு மூட்டை வந்து மஞ்சள் தெரிய மத்தியானம் ஆகிவிட்டது.

அந்த ஆர்த்தோடாலிடின் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று பின்னால் சொன்னார்கள். நாங்கள் வெறுங்கையால் புழங்கியிருக்கிறோம்! 1957-ல் பாலின் என்ற ஆங்கிலேயர் கொண்டுவந்த டி.பி.டி. சோதனையில் நிறம் இளஞ்சிவப்பு.

நீச்சல் குளத்தில் அதைத்தான் போட்டுப் பார்த்தோம். துளிச் சிவப்பு இல்லை. காலையில் போட்ட குளோரினை வெயில் தின்றுவிட்டது, மீதியைப் பாசி. மயில்துத்தம் போடலாமா என்றார். 1904-லேயே மூர், கெல்லர்மன் என்ற அமெரிக்கர்கள் நீர்த்தேக்கப் பாசிக்குச் சொன்ன மருந்துதான். ஆனால் குளிக்கிற தண்ணீரில் கிருமிக்கு அதை நம்பி இருக்க முடியாது. சுவரைத் தேய்த்து, பொழுது சாய்ந்தபின் குளோரின் போட்டு, ராத்திரி முழுக்க மோட்டாரை ஓடவிடச் சொன்னேன்.

நாலாம் நாள் காலை போன் செய்தார். சிவப்பு தங்கிவிட்டதாம்.