பொலோஞா நகரில் அன்னிய மாணவர்

பல்கலைக் கழகம் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன நெடிய மாளிகைகளும் பரந்த புற்றரைகளும் நூல்நிலையங்களுமே. ஐரோப்பாவின் பல்கலைக் கழகங்களுள் மிகப் பழையதெனப் போற்றப்படும் பொலோஞாவுக்கோ 1563 ஆம் ஆண்டுவரை தனக்கென ஒரு பொதுக் கட்டடந்தானும் இருந்ததில்லை. ஊர்விட்டு ஊர்வந்த மாணவரும், வாடகை மண்டபங்களில் அவருக்குப் பாடஞ்சொல்லிய ஆசிரியருமே அங்கு இருந்தனர். 1088 இல் அது தோன்றிற்றென்பது வழக்கு. அவ்வாண்டில் அரசனோ பாப்பரசரோ எதனையுந் திறந்துவைத்தாரல்லர். 1888 இல் எண்ணூற்றாண்டு விழாக் கொண்டாட விரும்பியோர், கவிஞர் கார்டூச்சியின் தலைமையிற் கூடி வரையறுத்த ஆண்டு அது. உண்மையில், அன்னிய நகரொன்றிற் குடியிருக்க அம்மாணவர் பட்ட பாட்டிலிருந்தே பல்கலைக் கழகம் என்னும் நிறுவனம் அங்கு உருவாயிற்று.

பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இர்னேரியுஸ் என்பார் அந்நகரில் உரோமச் சட்டத்தைக் கற்பித்துப் புகழ்பெற்றார். வாணிகம் பெருகிய அக்காலத்தில் நகரங்களுக்கும் அரசர்க்குந் திருச்சபைக்குஞ் சட்டம் வல்லார் வேண்டப்பட்டனர். எனவே ஜேர்மனி, பிரான்சு, இங்கிலாந்து, ஸ்பெயின் முதலாய நாடுகளிலிருந்தும் இத்தாலியின் பிற நகரங்களிலிருந்தும் மாணவர் வந்து குவிந்தனர். இவர் சிறுவரல்லர், பலர் இருபது வயதைக் கடந்தோர், திருச்சபையில் ஏலவே பதவி வகித்தோரும் பிரபுக்களின் புதல்வரும் இவருட் பலர். தத்தம் நாட்டில் மதிப்புடன் வாழ்ந்த இவர், பொலோஞாவின் மதில்வாயிலைக் கடந்ததும் குடியுரிமையற்ற பிறராயினர்.

இதனைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். அக்கால இத்தாலிய நகரம் ஒவ்வொன்றுந் தனியரசு போன்றது. அதன் சட்டம் தன் குடிகளையே முதற்கண் காத்தது. ஓர் ஊரவன் பட்ட கடனுக்கு அவ்வூரவன் வேறொருவனைப் பிடித்து அவன் பொருளைக் கவரும் வழக்கமும் இருந்தது. கொலோன் நகர வணிகன் ஒருவன் கடனிறுக்காது ஓடிப்போனால், அவனை ஒருநாளுங் கண்டறியாத கொலோன் மாணவனின் நூல்களும் உடைகளும் பறிபோகலாம். 1158 ஆம் ஆண்டைச் சார்ந்ததெனப் பொதுவாகக் கொள்ளப்படும் ஆணையொன்றினால் பேரரசன் முதலாம் பிரெடரிக் இதனைத் தடைசெய்தான். கல்வியின்பொருட்டுப் பிறநாடு செல்வோர் அச்சமின்றிச் சென்று தங்கலாம். பிறர் கடனுக்காக அவரை வருத்தலாகாது. வழக்குண்டாயின் தம் ஆசிரியர் முன்னோ ஆயர் முன்னோ விசாரிக்கப்படுமாறு அவர் கேட்கலாம் என்பன அதன் சாரம். நல்ல ஆணைதான். ஆயினும் பேரரசன் தொலைவில் இருந்தான். வீட்டுச் சொந்தக்காரனோ அருகில் இருந்தான்.

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குச் சென்று அறைதேடி அலைந்தோர்க்கு இனிக் கூறப்படுவது புதிதன்று. மாணவர் தொகை பெருகப் பெருகக் குடிக்கூலி ஏறிற்று. மாணவர் குடியிருக்கும் வீட்டுக்கு வேறு மாணவனோ ஆசிரியனோ கூடிய கூலி கொடுக்க முன்வருதலாகாதென்ற தடையை 1189 இல் பாப்பரசர் மூன்றாங் கிளெமெந்து மீண்டும் உறுதிப்படுத்தினார். மாணவரே ஒருவர் வீட்டை மற்றவர் பறித்தனர் என்பதற்கு இதனினுஞ் சான்று வேண்டுமோ! நெருக்கடியின் சுவடு அந்நகரின் தெருக்களில் இன்றுங் காணக்கிடக்கின்றது. மேல்மாடங்களைத் தெருப்பக்கம் நீட்டி, தூண்களால் தாங்கி, வாழிடம் பெருக்கினர். 1288 இல் நகரச் சட்டம் அத்தூண்வரிசை நடைகளைக் கட்டாயமாக்கிற்று.

அரசன் ஆணையும் பாப்பரசர் ஆணையும் போதாமை கண்ட மாணவர், கைவினைஞரும் வணிகரும் அமைத்த சங்கங்களைப் பின்பற்றித் தாமும் சங்கம் அமைத்தனர். இலத்தீனில் அதன் பெயர் 'உனிவெர்சித்தாஸ்'; கூட்டம் என்பதே அதன் பொருள். ஆல்ப்சு மலைக்கு அப்பாலிருந்து வந்தோர்க்கு ஒன்றும், இப்பாலுள்ள இத்தாலியர்க்கு ஒன்றுமாக அவை நிலைபெற்றன. ஒவ்வொன்றும் நாடுவாரியாகப் பிரிந்து தன் தலைவரைத் தெரிந்தெடுத்தது. பொலோஞாவிற் பிறந்த மாணவர்க்கு அவற்றில் நிறைந்த உரிமை இல்லை என்பது கருதத்தக்கது. நகரமே அவரைக் காத்தமையின், அவர்க்கு வேறு காப்பு வேண்டப்படவில்லை.

சங்கம் அமைந்தபின் நிலைமை தலைகீழாயிற்று. மாணவரும் நகரத்தாரும் ஒருங்கே அமர்ந்து குடிக்கூலியை மதிப்பிட்டனர். மதிப்புக்கு மேற் கேட்ட வீட்டுக்காரனை மாணவர் அனைவரும் விலக்கிவைத்தனர். எழுத்தர் படியெடுக்க நூலைப் பகுதிபகுதியாக வாடகைக்குக் கொடுத்தோரின் கட்டணமும் வரையறுக்கப்பட்டது. ஆசிரியரும் இதற்குத் தப்பவில்லை. அனுமதியின்றி ஒருநாள் வராவிடினும் தண்டம். மணியடித்தும் பாடத்தைத் தொடங்காவிடினுந் தண்டம். ஐந்து மாணவராவது வராத பாடத்துக்கும் வராமைக்குரிய தண்டம். ஊர்விட்டுச் செல்ல விரும்பின் திரும்பிவருவதற்கு ஈடாகப் பணங்கட்டல் வேண்டும். இதனை வாசிக்கும் நம் ஆசிரியர்கள் பொறுத்தருள்வார்களாக.

இத்துணை வலிமை எங்ஙனம் வந்தது? கட்டடமின்மையே அவர் படைக்கலமாயிற்று. நூல்களை மூட்டைகட்டி அவர் வேற்றூர் புறப்பட்டால், வீட்டுக்காரனும் உணவு விற்போனும் நூல் வாடகைக்காரனும் ஒருங்கே நலிவர். 1204 இல் ஒரு பகுதியினர் வீச்சென்சாவுக்குச் சென்றனர். 1222 இல் பாதுவாவுக்குச் சென்றோரால் அங்கு நிலையான பல்கலைக் கழகமே தோன்றிற்று. 1321 இல் பெண்ணொருத்தியைக் கவர்ந்துசென்ற குற்றத்துக்காக மாணவனொருவனுக்குக் கொலைத்தண்டம் நிறைவேற்றப்பட, பலர் சியென்னாவுக்குப் பெயர்ந்தனர். குற்றம் மாணவன்மேலதே என்பதை மறைத்தலாகாது. சங்கத்தின் வலிமை எந்நாளும் நீதியின் பக்கம் நின்றதில்லை. நகரமும் வாளாவிருக்கவில்லை. வேற்றூரிற் கற்பிப்பதில்லையென ஆசிரியரைச் சத்தியஞ் செய்வித்தது. பெயர்ந்துசெல்லச் சூழும் மாணவரை நாடுகடத்தி உடைமைகளைப் பறிக்கச் சட்டமும் இயற்றிற்று.

மாணவரை இறுதியில் வென்றது சட்டமன்று, பணமே. தொடக்கத்தில் மாணவர் தாமே பணந்திரட்டி ஆசிரியர்க்கு அளித்தனர். அப்பணம் திரட்டல் எளிதன்று. தந்தையிடம் பணங்கேட்டு எழுதுவதற்கான மாதிரிக் கடிதங்கள் அக்காலத் திருமுகக்கலை நூல்களில் மலிந்திருப்பது இதற்குச் சான்று. பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நகரமே ஆசிரியர் சிலர்க்குச் சம்பளம் வழங்கத் தொடங்கிற்று. சம்பளங் கொடுத்தவர் கையிலே ஆசிரியர் நியமனமுஞ் சேர்ந்தது. காலப்போக்கில் மாணவர் தலைவரின் பதவி பெருமைக்குரிய ஒன்றாக மட்டும் எஞ்சிற்று.

1563 இல் எழுந்த 'ஆர்க்கிஜின்னாசியோ' என்னும் மாளிகை இன்று நகர நூலகமாக விளங்குகின்றது. அதன் சுவர்களிலும் மேற்றளங்களிலும் ஏறக்குறைய ஆறாயிரம் மாணவரின் குலச்சின்னங்கள், அவரவர் பெயரும் பிறந்த நாடுந் தாங்கி, நெருக்கமாக வரிசைகொண்டு நிற்கின்றன.