கந்தளாய்க் காட்டுக்குக் கமரா வந்த கதை

கந்தளாய்ப் பகுதியில் காட்டு விலங்குகளை எப்போது, எங்கே படம் பிடிக்கலாம் என்பதைக் குளங்களின் நீர்மட்டமே தீர்மானித்து வந்திருக்கிறது. திருகோணமலைக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவிலுள்ள இவ்வூருக்கு ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் தைக்கும் இடையே வடகீழ்ப் பருவக்காற்றோடு வருகிறது. ஆடி, ஆவணியில் வற்றிப் புல் மண்டிக் கிடந்த குளத்துப் படுகைகள் கார்த்திகையில் நீருக்குள் போய்விடும். வெளியில் மேய்ந்த யானைகள் மேட்டுக் காடுகளுக்கு ஏறும். நிரம்பிய குளங்களுக்கு வடக்கிலிருந்து வலசைப் பறவைகள் வந்திறங்கும். பழந்தமிழர் கணக்கில் கூதிர் கழிந்து முன்பனி பிறக்கும் காலம் இது. இலங்கையின் கிழக்கில் குளிர்காலம் என்று சொல்லத் தக்கது இதுவே.

இந்தக் குளங்கள் மனிதர் வெட்டியவை. கந்தளாய்க் குளத்தை 7ஆம் நூற்றாண்டில் ஆண்ட இரண்டாம் அக்கபோதி கட்டியதாகச் பாளி வரலாற்று நூலான சூளவம்சம் கூறுகிறது. திருகோணமலைத் தமிழர் மரபோ அதைக் குளக்கோட்டன் என்ற மன்னனின் திருப்பணியாகப் போற்றுகிறது. பார்வை இழந்த கயவாகு மன்னனுக்குக் கண் தழைத்த இடம் ஆதலால் 'கண்தழை' என்றாகி, அதுவே கந்தளாய் ஆனது என்பது உள்ளூர் வழக்கு. அருகிலுள்ள மின்னேரியா, கவுடுல்லைக் குளங்கள் இன்னும் பழையவை; 3ஆம் நூற்றாண்டு இறுதியில் மகாசேனன் காலத்தவை. எலகெர வாய்க்கால் வழியாக இவை ஒன்றோடொன்று தொடுக்கப்பட்டிருந்தன. 13ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவை அரசு சரிந்தபின் கட்டுகள் உடைந்தன, ஊர்கள் வெறிச்சோடின, வயல்கள் காடாயின. பின்னாளில் மலேரியாவும் குடியேற வந்தவர்களை விரட்டியது. 19ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த ஐரோப்பியர் ஆதிக்காடு என்று வியந்து எழுதியது பெரும்பாலும் தரிசாகிப்போன நெல்வயலைத்தான். பழைய வாய்க்கால் ஓரங்களிலும் குளத்துப் படுகைகளிலும் யானைகள் தம் தடங்களை அமைத்துக்கொண்டன.

இந்தக் காட்டுக்குக் கமராவுக்கு முன்னே வந்தது துப்பாக்கி. பயிரை அழிக்கிறது என்று சொல்லி, யானையைக் கொல்பவருக்குப் பிரித்தானியக் குடியேற்ற அரசு வெகுமதி கொடுத்த காலம் அது. 1848க்கு முந்திய மூன்றாண்டுகளுக்குள் வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500க்கு மேற்பட்ட யானைகள் கொல்லப்பட்டதாக அவ்வரசின் அதிகாரி எமர்சன் டெனன்ட் எழுதியிருக்கிறார். ஆங்கில வேட்டைக்காரர் சாமுவேல் பேக்கர் மின்னேரியாப் பக்கம் வேட்டையாடியதை நூலாகவே எழுதினார். மேஜர் ரோஜர்ஸ் என்ற அதிகாரி சுட்ட யானைகள் 1,400 வரை இருக்கும் என்பர். 1845இல் அவர் மின்னல் தாக்கி இறந்தார். குளக்கரையில் மறைந்து காத்திருப்பது, காற்றின் திசை பார்ப்பது, காலடித் தடத்தைப் படிப்பது என்று பின்னாளில் படம்பிடிப்போர் கற்ற எல்லாமே வேட்டைக்காரரும் அவர்களுக்கு வழிகாட்டிய கிராமத்தவரும் முன்பே அறிந்திருந்த கலைகள்.

இலங்கையில் புகைப்படக்கலை 1840களிலேயே கால்வைத்துவிட்டது. ஆனால் ஈரத்தட்டு முறையைக் கொண்டு உயிருள்ள காட்டு விலங்கைப் பிடிப்பது நடவாத காரியம். கண்ணாடித் தட்டில் கொலோடியன் பூசி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் காய்வதற்குள் ஒளிகாட்டிக் கழுவிவிட வேண்டும். அதற்குக் கிடைப்பது பத்துப் பதினைந்து நிமிடம். வெயில் நாட்டில் அதுவும் குறையும். ஒளிகாட்ட வேண்டியது சில விநாடிகள். அதற்குள் யானை ஒருமுறை காதை அசைத்தால் போதும், தட்டில் புகைமூட்டமே மிஞ்சும். இருட்டறைக்கான கூடாரமும் இரசாயனப் புட்டிகளும் கண்ணாடிப் பெட்டிகளும் சுமைகாரர் தலையில் ஏறிக் காட்டுக்குள் போயின. இப்படிப் போனவர்களில் முதன்மையானவர் கண்டியில் தொழில்செய்த ஜோசப் லோட்டன். தொல்லியல் குழுவுக்காக 1870-71இல் அனுராதபுரம், பொலன்னறுவை, சிகிரியா, மிகிந்தலை இடிபாடுகளை அவர் படமெடுத்தார். தூண்களும் கோபுரங்களும் அசையாதவை. ஆகவே அவரால் முடிந்தது. காட்டிலிருந்து உடல்நலம் கெட்டுத் திரும்பி, 1872இல் இங்கிலாந்தில் காலமானார். அவருடைய படங்களில் செங்கல்லைப் பிளந்து நிற்கும் வேர்களையும் தாது கோபத்தின் உச்சிவரை ஏறிய மரங்களையும் பார்ப்பவருக்கு, கந்தளாய்க் குளக்கட்டும் அக்காலத்தில் எப்படிக் கிடந்திருக்கும் என்பது விளங்கும். இந்தப் பிரதேசத்தின் இயற்கைக்குக் கிடைத்த முதல் நல்ல சாட்சியம் கற்களைத் தேடிப் போனவரிடமிருந்து வந்தது.

1880களில் உலர்தட்டு வந்தபின் சுமை குறைந்தது. புத்தக வணிகர் எச். டபிள்யூ. கேவ் தாமே எடுத்த படங்களோடு பாழ்நகரங்களைப் பற்றி 1897இல் நூல் வெளியிட்டார். நுவரெலியாவும் சிவனொளிபாதமலையும் அவருடைய வேறொரு தொகுதிக்குப் பொருளாயின. கொழும்பு, கண்டி ஸ்ரூடியோக்கள் மலைக்காட்சிகளைப் பயணிகளுக்கு விற்றன. யானை மட்டும் இன்னும் சுதந்திரமாகப் படத்தில் தோன்றவில்லை. மரவேலி அடைப்புக்குள் சிக்கிக் கயிற்றில் கட்டுண்டதாகவோ, சுடப்பட்டு வேட்டைக்காரர் காலடியில் கிடப்பதாகவோதான் அக்காலப் படங்களில் அது வந்தது.

மாற்றம் வெளியுலகில் தொடங்கியது. அமெரிக்காவில் ஜோர்ஜ் ஷைராஸ் இரவில் மின்னொளித் தூள் கொண்டு எடுத்த விலங்குப் படங்கள் 1906இல் நஷனல் ஜியோகிரபிக் இதழில் வந்தன. இந்தியக் காட்டில் எப்.டபிள்யூ. சாம்பியன், விலங்கே மிதித்துத் தன்னைப் படமெடுத்துக்கொள்ளும்படி தடத்தில் கம்பி கட்டினார். அவரது புலிப் படங்கள் 1927இல் நூலாயின. இலங்கையில் 1894இல் வேட்டைப் பிரியர்களும் தோட்டத்துரைமாரும் தொடங்கிய விலங்குக் காப்புச் சங்கம் மெல்ல மெல்ல உண்மையான காவலனாக மாறியது. 1936இல் அது 'லோரிஸ்' இதழைத் தொடங்கியது. 1937இல் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1938இல் யாலவும் வில்பத்துவும் தேசிய பூங்காக்களாயின.

தமிழ்நாட்டில் இதே பாதையைத் தனியாளாக வெட்டியவர் மா. கிருஷ்ணன் (1912–1996). பலவித உறுப்புகளைப் பொருத்தித் தாமே அமைத்துக்கொண்ட கனத்த கமராவோடு முதுமலை யானைகளைக் கால்நடையாகத் தொடர்ந்தார். கடைசிவரை கறுப்பு வெள்ளையை விடவில்லை. இலங்கையில் அவரோடு ஒப்பிடத் தக்கவர் நிஹால் பெர்னாண்டோ (1927–2015). 1963இல் ஸ்ரூடியோ டைம்ஸ் நிறுவனத்தை அமைத்துக் காடு, குளம், மலை என்று நாட்டைச் சுற்றினார். காட்டைக் காக்கும் வழக்குகளிலும் போராட்டங்களிலும் நின்றார். இவர்கள் இருவருக்கும் படம் எடுப்பதும் காட்டுக்காகப் பேசுவதும் ஒரே வேலை.

கந்தளாயின் கதை இதற்கிடையில் வேறு திசையில் திரும்பியது. 1946 முதல் டீ.டீ.ரீ. தெளிப்பு மலேரியாவை அடக்கியது. குடியேற்றங்கள் எழுந்தன, 1960இல் சீனித் தொழிற்சாலை வந்தது, காட்டின் பெரும்பகுதி மீண்டும் வயலும் கரும்புத் தோட்டமும் ஆயிற்று. 1986 ஏப்ரல் 20இல் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். உள்நாட்டுப் போர்க்காலத்தில் கமராவோடு காட்டுக்குள் போவது எவருக்கும் பாதுகாப்பாக இருக்கவில்லை. அதே காலத்தில்தான் சுற்றிலும் காப்பிடங்கள் பெருகின: 1986இல் சோமாவதி, 1997இல் மின்னேரியா, 2002இல் கவுடுல்லை தேசிய பூங்காக்களாயின.

மாரியிலும் முன்பனியிலும் இங்கு படமெடுப்பதற்கென ஒரு தனிப் பக்குவம் வேண்டும். மார்கழியில் சூரியன் ஆறேகால் அளவில் தென்கிழக்கே எழும். குளத்து நீரின் மேல் மூடுபனி அதன்பின்னும் சற்று நேரம் நிற்கும். கோடையில் செம்மண் பூசிக்கொண்டு சிவந்து தெரிந்த யானை இப்போது மழையில் நனைந்து கருங்கல்லாய் இருக்கும். அதன் முதுகிலோ தூய வெள்ளையாய் ஒரு கொக்கு. கொக்குக்கு ஒளியளந்தால் யானை கரிக்கட்டையாகும். யானைக்கு அளந்தால் கொக்கின் இறகு வெறும் வெள்ளைத் தாளாகும். படச்சுருள் காலத்தில் இதை மேகம் சூரியனை மறைக்கும் வரை காத்திருந்தே தீர்த்தார்கள். டிஜிட்டல் கமராவிலும் அதற்கு மேலான வழி வந்துவிடவில்லை. ஈரக்காற்றில் வில்லைக்குள் பூஞ்சணம் பிடிப்பது இப்பருவத்தின் இன்னொரு தொல்லை.

மலைநாட்டில் பருவம் சற்றுப் பிந்தும். மார்கழிப் பௌர்ணமியோடு சிவனொளிபாதமலை யாத்திரை தொடங்கும். விடியலில் மேற்கே விழும் அதன் முக்கோண நிழலைப் படமாக்கவே மலையேறுவோர் உண்டு. 1988இல் தேசிய பூங்காவான ஹோர்ட்டன் சமவெளியில் தை மாத அதிகாலையில் புல்நுனி உறைபனியால் வெளுத்திருக்க, மரைகள் மூச்சுப் புகையோடு மேயும். 1937க்குப் பிறகு நான்கே முறை கண்ணில் பட்டு, அழிந்ததென்றே கருதப்பட்ட இம்மலைத் தேவாங்கினத்தின் முதற்படங்கள் 2010இல்தான் வெளியாயின. ஓர் உயிர் இன்னும் இருக்கிறது என்பதற்குப் படமே ஆதாரமான தருணம் அது.

கந்தளாய்ச் சுற்றின் படங்களுக்கு இன்று நேர்ந்திருக்கும் ஆபத்தும் தண்ணீரால் வந்ததே. வறட்சியில் 300 வரையான யானைகள் மின்னேரியாப் படுகையில் கூடும் காட்சி உலகப் புகழ் பெற்றது. மழை தொடங்கியதும் அவை கவுடுல்லைக்கும், பின் ஹுருலுக் காட்டுக்கும் நகரும். 2018இல் மொரகஹகந்த நீர்த்தேக்கம் திறக்கப்பட்டதிலிருந்து கோடையிலும் மின்னேரியாவுக்கு நீர் விடப்படுகிறது. படுகை மூழ்கினால் புல் இல்லை. புல் இல்லையேல் யானை வயலுக்கு வரும். விவசாயிக்கு நீர் கட்டாயம் வேண்டும். ஆனால் அந்நீரைத் திறக்கும் நாட்களைக் குறிப்பவர்கள், ஆடி, ஆவணியில் படுகையின் ஒரு பகுதியையாவது புல்லுக்கு விட்டுவைக்க வேண்டும்.