மார்பகப் புற்றுநோய்: தொடக்கத்திலேயே கண்டறிதல்

மார்பகப் புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. எனவே, வலி இல்லை என்று காத்திருக்காதீர்கள்.

யாருக்குப் பரிசோதனை?
30 முதல் 65 வயது வரையுள்ள பெண்கள் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை மார்பகப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பது தேசிய வழிகாட்டுதல். பயிற்சி பெற்ற செவிலியர் கையால் தொட்டுப் பரிசோதிப்பார். சில நிமிடங்களே ஆகும். பாவூர்சத்திரம் பகுதிப் பெண்கள் அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகலாம். தாய் அல்லது சகோதரிக்கு இந்நோய் இருந்திருப்பின் மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

பயன் என்ன?
மும்பையில் 1998-இல் டாடா நினைவு மையம் தொடங்கிய நீண்டகால ஆய்வில், இவ்வெளிய பரிசோதனையால் 50 வயதுக்கு மேற்பட்டோரிடையே மார்பகப் புற்றுநோய் இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது.

உடனே காட்ட வேண்டிய அறிகுறிகள்
• மார்பகத்தில் அல்லது அக்குளில் கட்டி
• தோலில் குழி, சுருக்கம்
• காம்பு புதிதாக உள்ளிழுத்தல், இரத்தக் கசிவு

கட்டி இருந்தால்?
பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் அல்ல. மேமோகிராம், ஸ்கேன், திசுப் பரிசோதனை ஆகியவையே அதனை உறுதிசெய்யும். தொடக்கத்திலேயே கண்டறிந்தால், பலருக்கு மார்பகத்தை முழுவதும் அகற்றாமலே சிகிச்சை அளிக்க இயலும்.

குடும்பத்தினரே, பீடி சுற்றும் வேலையாலோ கூச்சத்தாலோ அவர் தள்ளிப்போட்டால், நீங்கள் உடன் செல்லுங்கள். ஐயங்களுக்கு 104 என்ற எண்ணை அழையுங்கள்.