கோல்ஃப் பை சுமந்த கண்ணன்

கல்லூரி ஹாஸ்டலில் 'தி கிரீன் மைல்' (1999) பார்த்த இரவு எங்கள் அறையில் அழாதவர் யாருமில்லை. செய்யாத கொலைக்காக மரண தண்டனை பெற்ற கறுப்பின மனிதன் ஜான் காஃபி. அவன் தொட்டால் நோய் போகும். சிறைக் காவலரின் தொற்றைத் தீர்க்கிறான், வார்டன் மனைவியின் மூளைக் கட்டியை உறிஞ்சி எடுக்கிறான். தப்பவிடுகிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லி மின்சார நாற்காலியில் உட்காருகிறான். "தெய்வம்டா!" என்றான் பக்கத்திலிருந்தவன்.

பல வருஷம் கழித்து மறுபடி பார்த்தபோது ஒரு கேள்வி உறுத்தியது. இந்தத் தெய்வத்துக்கு ஊர் எது, உறவு யார்? சாவதற்கு முன் ஒரு சினிமா பார்க்க வேண்டும் என்கிறான், அவ்வளவுதான். நாங்கள் எழுதும் நிரல்களில் ஹெல்ப்பர் ஃபங்ஷன் என்று ஒன்று உண்டு. கூப்பிட்டால் வரும், வேலையை முடித்துவிட்டுப் போகும். காஃபியும் அப்படித்தான்.

2001இல் இயக்குநர் ஸ்பைக் லீ தன் பல்கலைக்கழக உரைகளில் இந்தப் பாத்திரங்களைக் கிண்டலடித்த பிறகு 'மேஜிக்கல் நீக்ரோ' என்ற பெயர் பரவலானது. உதவிக்கு வரும் தேவதை என்றாலே இப்படித்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' (1946) படத்தில் வரும் வெள்ளைக்காரத் தேவதை கிளாரன்ஸுக்கு இன்னும் சிறகு கிடைக்கவில்லை. நாயகனைக் காப்பாற்றினால் கிடைக்கும். அவருக்கும் ஒரு காரியம் ஆகவேண்டியிருக்கிறது.

கறுப்பினத்தவரைத் தெய்வமாக்குவது அதற்கும் முந்தைய பழக்கம். 'தி கிரீன் பாஸ்ச்சர்ஸ்' (1936) முழுக்கக் கறுப்பின நடிகர்கள் நடித்த பைபிள் கதை. மூல நாடகத்தை எழுதியவர் மார்க் கானலி என்ற வெள்ளைக்காரர். கடவுளாக ரெக்ஸ் இங்க்ராம் நடித்தார். அதில் சொர்க்கமே மீன் வறுத்துச் சாப்பிடும் தென்மாநிலப் பிக்னிக் மாதிரி இருக்கும். அதே இங்க்ராம் 'தி தீஃப் ஆஃப் பாக்தாத்' (1940) படத்தில் புட்டிக்குள் அடைபட்ட பூதம். பூதத்திடம் வரம் கேட்கும் பையன் நம் மைசூர்ப் பக்கத்து சாபு. மூன்று வரமும் முடிந்ததும் பூதம் பையனை மலைகளுக்கு நடுவே அம்போவென்று விட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே பறந்துபோகிறது. அதற்கு விடுதலை வேண்டும், எடுத்துக்கொண்டது. அந்தப் பூதத்துக்கு இருந்த ஆசைகூட 60 வருஷம் கழித்து வந்தவர்களுக்கு இல்லை.

'தி லெஜண்ட் ஆஃப் பேகர் வான்ஸ்' (2000) நமக்கு நெருக்கமான உதாரணம். மூலநாவலை எழுதிய ஸ்டீவன் ப்ரெஸ்ஃபீல்டு கீதையை கோல்ஃப் மைதானத்துக்குக் கொண்டுபோனார். போரில் மனம் உடைந்த வெள்ளைக்கார ஆட்டக்காரன் ஆர். ஜூனா. பெயரைச் சேர்த்துச் சொல்லிப்பாருங்கள், அர்ஜுனன். பேகர் வான்ஸ் பகவான். தேரோட்டி, ஆட்டக்காரரின் பையைச் சுமக்கும் கேடி ஆகிவிட்டார். படத்தில் வில் ஸ்மித்.

கதை நடப்பது 1931இல், ஜார்ஜியா மாநிலத்தில். நிறப் பிரிவினை சட்டமாகவே இருந்த ஊர். அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃப் சங்கம் 1934 முதல் 1961 வரை வெள்ளையருக்கு மட்டுமே உறுப்பினர் இடம் என்று விதி வைத்திருந்தது. அதே ஜார்ஜியாவின் அகஸ்டா கிளப்பில் நடக்கும் மாஸ்டர்ஸ் போட்டியில் 1982 வரை கிளப்பின் கேடிகளைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் கறுப்பினத்தவர்கள். ஆனால் முதல் கறுப்பின ஆட்டக்காரரான லீ எல்டர் அங்கே ஆடியது 1975இல்தான். படத்தில் வான்ஸுக்கு இது எதுவும் உறைப்பதில்லை. மட்டையை எடுத்து ஒரு பந்தையாவது நான் அடிக்கட்டுமா என்றும் கேட்பதில்லை. இருட்டிலிருந்து வருகிறான், ஆட்டம் முடியும் முன்பே நடந்து மறைகிறான்.

நம் கண்ணன் அப்படியில்லையே. அவனுக்கு துவாரகை இருந்தது. அர்ஜுனன் அவனுக்கு அத்தை மகன், தங்கை சுபத்திரையின் கணவன். காந்தாரியிடம் சாபம் வாங்கினான், தன் குலம் அடித்துக்கொண்டு அழிவதைப் பார்த்தான், வேடனின் அம்பில் செத்தான். தேரோட்டியது அவனே எடுத்துக்கொண்ட வேலை. கறுப்பின கேடிக்கு அந்த வேலையைத் தவிர மைதானத்தில் வேறு இடமே கிடையாது. இரண்டும் ஒன்றல்ல.

கடவுளாகக் காட்டுவது மரியாதைதானே என்று கேட்பவர்கள் உண்டு. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் தனக்கென்று எதுவும் கேட்காதவனைக் கும்பிட நமக்குச் செலவே இல்லை. ஹாஸ்டலில் அன்று நாங்கள் அழுதது பொய்யில்லை. காஃபி உயிர் பிழைக்க ஆசைப்பட்டிருந்தால், அநியாயம் என்று கத்தியிருந்தால், அவனைத் தெய்வம் என்று சொல்லியிருப்போமா? தெரியாது. மனுஷன் என்றாவது சொல்லியிருக்கலாம்.