காறை பூண்ட எலும்பு

கோடம்பாக்கத்திலும் வடபழனியிலும் உருவ ஓவியம் பயிலும் இளைஞர்கள் எலும்புக்கூட்டுப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு பேசும்போது அவர்கள் வாயில் வருபவை காலர் போன், ரிப் கேஜ், பெல்விஸ் என்னும் சொற்கள். பாடம் வந்த வழியிலேயே பெயரும் வந்தது. அதில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் தொண்டைக்குழியின் இருபுறமும் தொடங்கித் தோள்முனைவரை ஓடும் அந்த ஒல்லியான எலும்புக்குத் தமிழில் காறையெலும்பு என்று ஒரு பெயர் இருக்கிறது. சொல்லை நேசிப்பவர்கள் சற்று நின்று பிரித்துப் பார்க்க வேண்டிய பெயர் அது.

காறை என்பது கழுத்தணி. பொன்னிலோ வெள்ளியிலோ வளையமாகச் செய்து பூட்டுவது. ஆரம்போல மார்பில் தொங்காமல், சங்கிலிபோல நெகிழாமல், கழுத்தடியைச் சுற்றி விறைப்பாகப் படிந்து நிற்கும். பெரியாழ்வார் திருமொழியில் மகள் தன்னை ஒப்பனை செய்துகொள்ளும் அழகைத் தாய் சொல்லும் பாசுரம் இந்த நகையைக் கொண்டே தொடங்குகிறது. அணியின் பெயர் அது படிந்த இடத்துக்கு ஆகி, அங்கிருந்து அடியில் உள்ள எலும்புக்கும் சென்றது. இன்று காறை பூணுவோர் அரிது. நகை பேச்சிலிருந்து நழுவிய பின்னும் எலும்பு அதன் பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறது.

எழுத்தில் ஒரு கவனம் வேண்டும். இது வல்லின றகரம். இடையினத்தில் காரை என்று எழுதினால் அது சுவரில் பூசும் சுண்ணக் கலவை, இல்லையென்றால் முட்செடி. சென்னைப் பேச்சில் இரண்டும் ஒன்றாகவே ஒலிப்பதால் அச்சிலும் காரை எலும்பு என்று வந்துவிடுகிறது. அப்போது நகை மறைந்து சுண்ணாம்புதான் மிஞ்சுகிறது. குமரி மாவட்டத்தார் நாவில் இந்த இரண்டு ரகரங்களும் இன்னும் வேறுவேறாகவே கேட்கும்.

சரி, எலும்பு? அதன் பழைய வடிவம் என்பு. எல்பு என்றொரு வடிவமும் அகராதியில் உண்டு. மலையாளத்தின் எல்லும் கன்னடத்தின் எலுபும் தெலுங்கின் எமுகவும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைகளே. திருக்குறளின் அன்புடைமை அதிகாரத்தில் பத்துக் குறளில் நான்கில் என்பு வருகிறது. அன்புக்கு எதுகை வேண்டும்; னகர மெய் இரண்டாமிடத்தில் நிற்கும் என்பு அதற்கு அப்படியே பொருந்துகிறது, எலும்பு பொருந்தாது. ஓசைக்காக வந்த சொல் பொருளுக்கும் உயிராகிவிட்டது. அதிகாரத்தின் கடைசிக் குறள் அன்பில்லாத உடம்பை எலும்பின்மேல் தோலைப் போர்த்தியது என்கிறது. உருவம் வரைபவருக்கு அதுவே வேலை வரிசை: முதலில் எலும்பு, பிறகு போர்வை. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் என்பு இன்றும் வாழ்கிறது. எலும்புக்கூட்டை அங்கே வன்கூடு என்பார்கள். மென்மையான உடம்புக்குள் வலிய கூடு என்று விரித்துப் பார்த்தால் அந்தச் சொல்லின் அருமை தெரியும். அஸ்தியோ வடமொழியில் வெறும் எலும்புதான். நம் வீடுகளில் அது எரியூட்டிய பின் கலசத்தில் எடுப்பதற்கு மட்டுமே பெயராகிச் சுருங்கிவிட்டது.

இப்போது மற்ற பெயர்களையும் தடவிப் பாருங்கள். கையில் மணி கட்டிய இடம் மணிக்கட்டு. வடமொழி மணிபந்தமும் இதே நோக்கில் பிறந்த பெயர். கரும்பிலும் மூங்கிலிலும் புடைத்து நிற்கும் கணு காலில் கணுக்காலானது. முழங்காலின் முகப்பில் தட்டையாக அசைவது சில்லு. பாண்டி ஆடும் பிள்ளைகள் கட்டத்தில் எறியும் ஓட்டுத்துண்டுக்கும் அதே பெயர். மூட்டுக்கு முழி என்றும் மொழி என்றும் பழஞ்சொற்கள் உண்டு. முழங்கை, முழங்கால், அளவையான முழம் எல்லாம் அவற்றுக்கு உறவு. பேசும் மொழி வேறு, மூட்டு மொழி வேறு. ஒலி ஒன்றானதால் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடக் கூடாது.

இவற்றுக்கெல்லாம் ஒரு பொதுத்தன்மை உண்டு. எல்லாமே தோலுக்கு நேர் அடியில் எலும்பு முட்டி நிற்கும் இடங்கள். கண்ணுக்குத் தெரிபவை, விரலுக்குத் தட்டுப்படுபவை. பிணத்தை அறுத்துப் பார்த்து வைத்த பெயர்கள் அல்ல, நகை பூட்டியும் தொட்டும் வைத்தவை. உருவம் வரையக் கற்பவர் முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய புள்ளிகளும் இவையே. சதை மெலியும், பருக்கும். இந்த இடங்களில் மட்டும் எலும்பு தன்னைக் காட்டிக்கொண்டே இருக்கும்.

அவற்றுள் காறையெலும்புக்குத் தனி மதிப்பு. கையை உடற்பகுதியோடு பிணைக்கும் எலும்பு மூட்டு அதன் வழியாக மட்டுமே. மேலிருந்து பார்த்தால் நேர்க்கோடல்ல; உள்பாதி முன்னோக்கி வளைந்து, வெளிப்பாதி பின்னோக்கி வளைந்து இரட்டை வளைவாக ஓடும். கையை உயர்த்தினால் உள்முனை ஏறக்குறைய நின்ற இடத்தில் நிற்க, வெளிமுனை மேலேறும். அந்தச் சாய்வைப் பிடிக்காதவர் வரைந்த கை, சட்டையில் தைத்த கைபோல ஒட்டாமல் நிற்கும்.

கோடம்பாக்கத்துப் படங்களுக்குக் கட்அவுட் வரைந்தவர்கள் இதை வேலையில் கற்றவர்கள். ஸ்டில் படத்தின்மேல் கட்டம் போட்டு, அதே கட்டத்தைப் பெரிதாக்கி வரைவார்கள். வளர்ந்தவரின் காறையெலும்பு சுமார் 15 செ.மீ. நீளம், 40 அடி உயரக் கட்அவுட்டில் அது மட்டுமே மூன்றரை அடி ஆகும். அந்த அளவில் வளைவு தவறினால் கீழே நடந்துபோகிறவர் கண்ணுக்கும் தோள் சரிந்தே தெரியும். பிளக்ஸ் அச்சு வந்து அந்தக் கைகளுக்கு வேலை இல்லாமல் போனது பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன்.

சென்னையில் ஓவியப் பள்ளியை 1850-இல் தொடங்கிய அலெக்சாண்டர் ஹண்டர் ஓர் அறுவை மருத்துவர் என்பது இங்கே நினைக்கத் தக்கது. எழும்பூரில் அந்தப் பள்ளிக்கு 1929 முதல் தலைமை ஏற்ற தேவி பிரசாத் ராய் சௌத்ரிதான் மெரினாவின் உழைப்பாளர் சிலையை வடித்தார். பாறையை நெம்பும் அந்த நால்வரிடம் எலும்பும் தசையும் ஒருசேரப் பேசும். நம் பழைய செப்புத் திருமேனிகளில் அப்படி இல்லை. தோளும் மார்பும் எலும்பின் சுவடே தெரியாமல் வழுவழுவென்று ஓடும். விதிவிலக்கு காரைக்கால் அம்மையார். இளமையைத் துறந்து பேயுருக் கொண்ட அவரை வடித்த கொல்லர்கள் விலாவையும் கழுத்தடி எலும்புகளையும் வரிவரியாகப் புடைத்துக் காட்டினார்கள். சிற்ப நூல் வகுத்த தாள அளவுக்குள் நின்றவர்களுக்கும் எலும்பு தெரிந்தே இருந்தது; வேண்டும்போது மட்டும் வெளியே விட்டார்கள். (அவர் ஊரின் காரை இடையினம், நம் காறைக்கு உறவில்லை.)

சதைக்குள் ஆழ்ந்த எலும்புகளுக்கு மட்டும் நூலோர் பிறகு பெயர் செய்ய வேண்டியிருந்தது. பெல்விஸ் அப்படிப்பட்டது. இலங்கை நூல்கள் கூபகம் என்று வடமொழியை நாடின. இடுப்பு வளையம் என்றும் எழுதுகிறார்கள். எனக்குப் பின்னதே பிடித்திருக்கிறது: வரைபவர் தாளில் முதலில் இழுப்பதும் ஒரு சாய்ந்த வளையத்தைத்தான்.