தாதியர் பயிற்சியில் ஆன்மிகப் பராமரிப்பு: லூமுட் வட்டாரத்திலிருந்து ஒரு பார்வை

லூமுட் 1874 முதல் 1935 வரை பேராக்கின் ஆட்சியில் இல்லை. பங்கோர் ஒப்பந்தத்தால் பிரிட்டிஷாரின் கைக்குப் போன டிண்டிங்ஸ் நிலப்பகுதியின் நிர்வாக ஊராக, பினாங்கு, சிங்கப்பூர் ஆகியவற்றுடன் சேர்ந்து நீரிணைக் குடியேற்றங்களின் கீழ் இருந்தது. அக்குடியேற்றங்களில் ஒன்றான சிங்கப்பூரில் தாதியர் பணி முறையாகத் தொடங்கிய நாள் 1885 ஆகஸ்ட் 1. அங்குள்ள பொது மருத்துவமனையில் அன்று பணியேற்றவர்கள் பிரெஞ்சுக் கன்னியாஸ்திரீகள். காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பதும் சாகும் தறுவாயில் உள்ளவருக்காகச் செபிப்பதும் அவர்களுக்கு ஒரே வேலை. ஆனால் அவர்கள் கற்று வந்தது மடத்துப் பாடம், மருத்துவமனைப் பாடம் அன்று. 1900-இல் பயிற்சி பெற்ற இங்கிலாந்துத் தாதியர் அவர்களின் இடத்துக்கு வந்தனர்.

ஐரோப்பாவிலும் கதை இதுதான். ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த்தில் 1836-இல் தொடங்கிய திருச்சபைப் பயிற்சி நிலையத்தில் 1851-இல் தங்கிக் கற்ற ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல், 1860-இல் லண்டனில் திறந்த தம் பள்ளியை எந்தச் சபைக்கும் உட்படுத்தவில்லை. நோயாளியிடம் மதம் பரப்பும் ஆபத்து இதனால் குறைந்தது. கூடவே, நோயாளியின் நம்பிக்கையைப் பற்றிப் பேசும் பழக்கமும் பாடத்திலிருந்து மெல்லக் கழன்றது.

டிண்டிங்ஸின் ரப்பர்த் தோட்டங்களில் இந்தக் குறை யாருக்கும் உறைக்கவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர் இருந்தார். புண்ணுக்குக் கட்டுப்போடுவதும் கொய்னா கொடுப்பதும் அவர் வேலை. திருநீறு பூசுவதும் மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்வதும் தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பெண்களும் கோயில் பூசாரியும் பார்த்துக்கொண்ட காரியம். 1965-ஆம் ஆண்டுத் தோட்ட மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டம் டிரெஸ்ஸரின் தொழிலை ஒழுங்குபடுத்தியது. அம்மன் எப்போதும் அவர் அதிகாரத்துக்கு வெளியேதான் இருந்தாள்.

தமிழ் மண்ணில் வேலூர் வேறு வழியில் போனது. மிஷன் மருத்துவர் ஐடா ஸ்கடர் 1909-இல் அங்கே தாதியர் பள்ளியைத் தொடங்கினார். 1946-இல் அது பட்டப் படிப்பாக வளர்ந்தது. மிஷன் நிறுவனமாகவே தொடர்ந்ததால் பிரார்த்தனையும் படுக்கையருகுப் பணியும் அங்கே பிரியவில்லை. வார்டில் படுத்திருந்தவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள் என்பதால், தன் சமயத்தை முன்தள்ளாமல் அடுத்தவர் சமயத்தைக் கேட்டறிவது அங்கே அன்றாடத் தேவையாகவும் இருந்தது.

பாடநூலுக்குள் ஆன்மிகப் பராமரிப்பு மீண்டும் நுழைந்தது 1970-களில். அனைத்துலகத் தாதியர் மன்றத்தின் 1973-ஆம் ஆண்டு ஒழுக்கநெறி, நோயாளியின் பழக்கவழக்கங்களையும் ஆன்மிக நம்பிக்கைகளையும் மதிக்கும் சூழலை உருவாக்கும் பொறுப்பைத் தாதிக்குத் தந்தது. 1978-இல் அமெரிக்கத் தாதியர் வகைப்பாட்டில் 'ஆன்மிகத் துயரம்' ஒரு கண்டறிதலாகவே இடம்பெற்றது. ஐரோப்பாவில் 2016 முதல் 2019 வரை நடந்த 'எபிக்' திட்டம் தாதியர், மருத்துவச்சியர் பயிற்சிக்கான திறன்களை வரையறுத்தது. நோயாளிக்குப் பூசை செய்து வைப்பது அத்திறன்களில் இல்லை. கேட்பது, செவிகொடுப்பது, உரியவரை அழைப்பது ஆகியவையே அதன் சாரம்.

மலேசிய அரசு மருத்துவமனைகளில் இதற்குக் கிடைத்த உருவம் 'மெஸ்ரா இபாதா', அதாவது வழிபாட்டுக்கு இணக்கமான மருத்துவமனை. நீர் தொட முடியாதவருக்குத் தயம்மும் எனும் மண்ணால் செய்யும் தூய்மை, எழ முடியாதவர் படுத்தபடியே தொழும் முறை, கட்டிலிலிருந்து மக்காவை நோக்கிய கிப்லாவின் திசை ஆகியவை தாதியருக்குக் கற்பிக்கப்படுகின்றன. முஸ்லிம் நோயாளிக்கு இது தெளிவான பாடம். ஆனால் லூமுட் வட்டார வார்டில் 1903-இல் சித்தியவானில் குடியேறிய ஃபூச்சோ மெதடிஸ்டுகளின் வழிவந்தவரும், பால்மரத் தோட்டங்களின் தமிழரும் அடுத்தடுத்துப் படுத்திருப்பார்கள். அவர்களுக்கு அதே அளவுக்கு விரிவான பாடம் வேண்டும்.

தமிழ் நோயாளியிடம் இடிபடும் இடங்கள் சிறியவை. அறுவைக்கு முன் காப்புக் கயிற்றைக் கத்தரிக்கலாமா என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். வெட்டப்படும் இடத்தில் இல்லாத கயிற்றைப் பல வேளைகளில் ஒட்டுத்துணியால் மூடிவிட்டால் போதும். தாலியைக் கழற்றியே ஆகவேண்டுமானால் அதை வாங்கிக்கொள்வது யார் கை என்பதும் குடும்பத்துக்கு முக்கியம். கடைசி நேரத்தில் வாயில் பால் ஊற்ற உறவினர் நிற்பார்கள். விழுங்க முடியாதவருக்கு அது மூச்சுக்குழாயில் போய்விடும். தடுத்து விரட்டத் தேவையில்லை. நனைத்த பஞ்சால் உதட்டைத் தொடச் சொன்னால் போதும்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு லயங்கள் காலியான பிறகு, இந்தக் குடும்பங்கள் தேடிவருவது ஸ்ரீ மஞ்சோங் மருத்துவமனையை. கூப்பிடு தூரத்தில் இருந்த மாரியம்மன் கோயில் அங்கே பக்கத்தில் இல்லை. பூசாரியைத் தெரிந்தவரும் வார்டில் இல்லை. அருகில் இருப்பவர் மிஸ்ஸி என்று அவர்கள் அழைக்கும் தாதி மட்டுமே.